கம்பெனியின் கதையை எம்பிஏ வகுப்புக்குக் கொண்டுபோவது: உரையா, கேஸா, லைவ் ப்ராஜெக்டா, முழுப் பாடமா?

சென்னையில் ஒருவருடைய நிறுவனம் ஓரளவு பெயர் எடுத்துவிட்டால், ஏதாவதொரு மேலாண்மைக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. நுங்கம்பாக்கத்தில் லயோலா வளாகத்துக்குள் இருக்கும் லிபா, ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸ், இவை போக நகரத்தைச் சுற்றியுள்ள எத்தனையோ எம்பிஏ கல்லூரிகள் என்று அழைப்பவர்களுக்குக் குறைவில்லை. "உங்கள் நிறுவனத்தின் பயணத்தை எங்கள் மாணவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்பதே பெரும்பாலான அழைப்புகளின் சாரம். எந்த வடிவில் பகிர்வது என்பதை அழைப்பு சொல்வதில்லை. நிறுவனரும் அதைக் கேட்பதில்லை. கடைசியில் வழக்கப்படி ஒரு மணி நேர உரையாக முடிந்துவிடுகிறது.

எம்பிஏ மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன் என்பதால் தொழில்முனைவோர் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் போதுமா, பேராசிரியர் ஒருவர் கேஸ் (வகுப்பில் விவாதிப்பதற்காக நிறுவனத்தின் உண்மை நிலைமையை எழுதிவைக்கும் பாட ஆவணம்) எழுதக் கேட்கிறாரே அதற்கு ஒப்புக்கொள்ளலாமா, மாணவர்களையே கம்பெனிக்கு வரவழைத்து லைவ் ப்ராஜெக்டாக ஒரு வேலையைக் கொடுக்கலாமா, ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுக்கும் பொறுப்பை ஏற்கலாமா என்பவை அந்தக் கேள்விகள். இவை நான்கும் நான்கு வேறு காரியங்கள். ஒவ்வொன்றும் நிறுவனரிடமிருந்து வேறொன்றைக் கேட்கிறது; மாணவருக்கு வேறொன்றைத் தருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: முடிவெடுக்கும் தருணம் மாணவரின் கைக்கு வருகிறதா என்பது. கவின்கேர் நிறுவனத்தின் தொடக்கக் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார், எந்த ஷாம்பூவின் காலி சாஷே ஐந்தைக் கொண்டுவந்தாலும் தம்முடைய சிக் ஷாம்பூ சாஷே ஒன்று இலவசம் என்று அறிவித்தார், பின்னர் சிக் சாஷேக்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று மாற்றினார், சிக் வளர்ந்தது. இப்படிச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும், மாணவர்களும் தலையசைப்பார்கள். அதே கதையைச் சலுகையை மாற்றுவதற்கு முந்தைய நாளில் நிறுத்திப் பாருங்கள். எல்லா பிராண்டின் சாஷேயையும் வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தொடர்ந்தால் செலவு எவ்வளவு, நிறுத்தினால் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா, சிக்குக்கு மட்டும் என்றால் கடைக்காரர் என்ன சொல்வார், கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டால், அதே மாணவர்கள் அரை மணி நேரம் வாதாடுவார்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் அது சரியான வழியாகவே தெரியும். முடிவு தெரியாத நிலையில் எப்படி யோசிப்பது என்பதைக் கற்கத்தான் அவர்கள் இரண்டு வருடமும் பல லட்சமும் செலவழித்து வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது அளவுகோல் நேரம். நிறுவனரின் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. கணக்குப் பிரிவில் ஒருவர் ஐந்து வருட விற்பனை விவரங்களைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். வழக்கறிஞர் ஒரு வரைவைப் படிக்க வேண்டியிருக்கும். ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் மாணவர்களோடு சுற்ற வேண்டியிருக்கும். கல்லூரி அனுப்பும் கடிதத்தில் இந்த மணிநேரங்கள் வருவதில்லை.

மூன்றாவது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற எல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலைப் பகிர்வதற்கு பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015-ம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகள் தடை போடுகின்றன. மாணவர் கூட்டம் என்பதால் அதில் சலுகை கிடையாது. காலாண்டு முடிந்து கணக்கு இன்னும் வெளிவராத வாரங்களில் நடக்கும் உரைகளில் இந்த ஆபத்து அதிகம். தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிப்பதற்கு முன்பே பொதுவில் வெளியாகிவிட்ட கண்டுபிடிப்பு புதுமையை இழந்துவிடும். சட்டம் தரும் விலக்குகள் மிகக் குறுகியவை. தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட்டால் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கிறது. அதைச் செய்யாமல், இயந்திரத்தின் உள்ளமைப்பைத் திரையில் காட்டி விளக்குவது பெரும் தவறு.

நான்காவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. கம்பெனியின் கதை நிறுவனர் ஒருவருடைய கதையாக மட்டும் இருப்பதில்லை. பாதியில் பிரிந்துபோன இணை நிறுவனர், நகையை அடகு வைத்துக் கொடுத்த அக்கா, சம்பளம் தாமதமானபோதும் வேலைக்கு வந்த முதல் ஊழியர், கடனை நீட்டித்துத் தர மறுத்த வங்கி மேலாளர் என்று எல்லோரும் அதில் வருகிறார்கள். அவர்களில் எவரும் தம்மைப் பற்றி இருநூறு பேர் முன்னால் பேசச் சம்மதித்திருக்கவில்லை. எந்த வடிவம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கம்பெனிக்கு என்ன கிடைக்கும், சொன்னது எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற இரண்டும் மீதமுள்ள அளவுகோல்கள்.

## விருந்தினர் உரை

அறுபது முதல் தொண்ணூறு நிமிடம், கலையரங்கம், முடிவில் கேள்வி பதில். நான்கில் மிகக் குறைந்த செலவுள்ள வடிவம் இது. அதிகம் பேரைச் சென்றடைவதும் இதுவே. முதல் பருவத்தில் இருக்கும் மாணவருக்குத் தொழில் என்பது நம்மைப் போன்ற மனிதர்கள் செய்வது என்ற நம்பிக்கையை ஒரு நல்ல உரை தந்துவிடும். அதைச் சிறிதாக மதிப்பிடக் கூடாது. திருவண்ணாமலையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ படிக்க வந்த பிள்ளைக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாடகைக்கூடத்தில் தொடங்கிய ஒருவர் நேரில் நின்று பேசுவது தரும் துணிவை எந்தப் புத்தகமும் தருவதில்லை.

ஆனால் முதல் அளவுகோலில் இந்த வடிவம் பலவீனமானது. பேச வந்திருப்பவர் வெற்றி பெற்றவர் என்பது அரங்கத்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிடுகிறது. ஆகவே அவர் சொல்லும் ஒவ்வொரு முடிவும் வெற்றிக்குக் காரணமாகவே கேட்கிறது. சென்னையிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான சோஹோ, வெளியாரின் முதலீட்டை வாங்காமலே வளர்ந்தது. அதே சோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், முதலீட்டாளர்களின் பணத்தோடு வளர்ந்து, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. இந்த இரண்டில் ஒரு கதையை மட்டும் கேட்ட மாணவர், முதலீடு வாங்கவே கூடாது என்றோ, வாங்காமல் வளரவே முடியாது என்றோ ஒரு விதியை மனத்தில் எழுதிக்கொண்டு வெளியே வருவார். பேசியவர்மீது இதில் பிழை இல்லை. ஒரே ஒரு கதையை அதன் முடிவோடு சேர்த்துத் தரும் வடிவத்தின் இயல்பு அது.

மறைவான செலவுகளும் உண்டு. அம்பத்தூரிலிருந்து மணமைக்குப் போய்த் திரும்பினால் ஒரு மணி நேர உரைக்கு ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும். ஒரு கல்லூரிக்குப் போனால் மற்ற கல்லூரிகளும் அழைக்கும், மறுப்பது கடினமாகும். எல்லாவற்றையும்விட, கல்லூரி அந்த உரையைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றிவிடுகிறது. அரங்கத்தின் உற்சாகத்தில் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தைப் பற்றிச் சொன்ன வரி, அந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரின் கைப்பேசிக்கு ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். பதிவு உண்டா, அதை எங்கே வெளியிடுவார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

உரைதான் என்று முடிவாகிவிட்டால், அதை நடுவில் ஒரு இடத்தில் நிறுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள். இருபது நிமிடம் பின்னணியைச் சொல்லுங்கள். உங்கள் முன் இருந்த இரண்டு வழிகளைப் பலகையில் எழுதுங்கள். கையை உயர்த்தச் சொல்லுங்கள். இரு பக்கத்திலிருந்தும் நான்கைந்து பேரைக் காரணம் சொல்லவைத்துவிட்டு, பிறகு நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். மேடையில் தனியாகப் பேசிப் பழக்கமில்லாதவர்களுக்குப் பேராசிரியர் ஒருவரோடு உரையாடுவது இன்னும் பொருந்தும். ஆனால் அந்தப் பேராசிரியர் உங்கள் நிறுவனத்தின் கணக்குகளை முன்பே படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இளமைப் பருவம் எப்படி இருந்தது என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேலாண்மைப் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழிலேயே பேரம் பேசித் தொழில் வளர்த்தவர்கள்கூட மேடையில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அப்போது முதலில் காணாமற்போவது நுணுக்கம்தான். எந்த டீலர் எத்தனை நாள் கடன் கேட்டார், அவரிடம் என்ன வார்த்தை சொல்லிச் சம்மதிக்க வைத்தோம் என்பவை மறைந்து, பொதுவான அறிவுரைகள் மட்டும் மிஞ்சுகின்றன. தமிழ் அறியாத மாணவர்களும் வகுப்பில் இருப்பார்கள் என்பது உண்மை. அவர்களுக்காகப் பேராசிரியர் இடையிடையே சுருக்கிச் சொல்லலாம்.

## எழுதப்பட்ட கேஸ்

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் முதல் கேஸ் 1921-ல் எழுதப்பட்டது. ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றிய அது ஒரே பக்கம்தான். 1961-ல் தொடங்கப்பட்ட அகமதாபாத் ஐஐஎம், ஹார்வர்டின் ஒத்துழைப்போடு அந்த முறையை இந்திய வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. இன்று சென்னையின் நல்ல மேலாண்மைக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் கேஸ் நடத்துகிறார்கள். ஆனால் அவற்றில் பல வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றியவை; கிண்டியிலும் ஒரகடத்திலும் தினமும் எடுக்கப்படும் முடிவுகள் அந்த வகுப்புகளுக்குள் அரிதாகவே வருகின்றன. என் மாணவர்களுக்கு அமெரிக்க நகரமான மினியாபோலிஸின் சில்லறை வணிகம் புரிகிற அளவுக்குப் பாரிமுனையின் மொத்த வணிகம் புரிவதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

கேஸ் எழுதும் வேலை இப்படி நடக்கிறது. பேராசிரியர் நிறுவனரோடும் மேலாளர்களோடும் சில அமர்வுகள் பேசுகிறார். விற்பனைக் கணக்கு, விலைப்பட்டியல், கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குகிறார். ஒரு முடிவெடுக்க வேண்டிய நாள்வரை கதையைக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி எழுதுகிறார். என்ன செய்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பு கேஸில் இராது. அதற்கான அலசல், ஆசிரியருக்கு மட்டும் போகும் தனிக் குறிப்பில் இருக்கும். வரைவு நிறுவனத்துக்கு வருகிறது. நிறுவனம் ஒப்புதல் கடிதம் கொடுத்த பிறகே அது வெளியாகிறது. தொடக்கம் முதல் வெளியீடு வரை சில மாதங்கள் பிடிக்கும்.

முதல் அளவுகோலில் இதற்கு இணையில்லை. அருண் ஐஸ்கிரீமின் நிறுவனமான ஹட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு ஐஸ்கிரீம் தயாரிக்கத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன், நகரத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த பெரிய பிராண்டுகளோடு மோதிக்கொண்டிருக்காமல், அருண் ஐஸ்கிரீமைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுபோனார். உரையாகக் கேட்டால் இது ஒரு துணிச்சலான முடிவு, அவ்வளவுதான். கேஸாக வைக்க வேண்டுமானால் சரக்கை உருகாமல் அனுப்ப ஆகும் செலவு, வழியில் வீணாகும் அளவு, சிறு நகரத்து முகவரின் லாப விகிதம், சென்னையில் ஒரு கடையில் உறைபெட்டி வைக்க ஆகும் முதலீடு என்று ஒரு பட்டியலே தேவைப்படும். அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் மாணவர், துணிச்சல் என்று நாம் சொல்வதன் அடியில் எவ்வளவு கூட்டல் கழித்தல் இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கிறார்.

நிலைத்து நிற்பதிலும் கேஸே முந்துகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி, ஹார்வர்டு பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-ல் ஒரு கேஸ் எழுதினார். வெங்கடசாமி 2006-ல் மறைந்தார். அவர் நேரில் போய்ப் பேசியிருக்கவே முடியாத எத்தனையோ வகுப்பறைகளில், எத்தனையோ நாடுகளில், அந்த மருத்துவமனையின் முன் இருந்த கேள்விகளை மாணவர்கள் விவாதித்திருக்கிறார்கள். எந்த உரைக்கும் இந்த ஆயுள் கிடையாது.

சொல்லக் கூடாதவற்றைக் காப்பதற்கும் இதில் வழி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை மாற்றலாம். தனிநபர்களின் பெயர்களை மாற்றலாம். எல்லாத் தொகைகளையும் ஒரே எண்ணால் பெருக்கிவிட்டால் உண்மைத் தொகை மறைந்து, விகிதங்கள் மட்டும் மாறாமல் நிற்கும். பிரிந்துபோன இணை நிறுவனரிடம் வரைவைக் காட்டி அவருடைய சம்மதத்தையும் பெறலாம். மேடையில் வாய் தவறி வந்த சொல்லை இப்படித் திருத்த முடியாது.

இனி செலவு. கேஸின் பதிப்புரிமை பெரும்பாலும் எழுதியவரிடமோ கல்லூரியிடமோதான் இருக்கும். வெளியான பிறகு நிறுவனம் அதைத் திரும்பப் பெறுவது கடினம். பேராசிரியருக்கு வெளியீடு என்பது பணிவாழ்வில் முக்கியமானது. ஆகவே உங்களுக்கு அவசரமில்லாத ஒரு காலக்கெடு அவருக்கு இருக்கலாம். விளம்பரப் பிரிவின் கையில் வரைவு சிக்கினால் நஷ்டம் வந்த வருடங்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டு, இறுதியில் கேஸ் ஒரு பிரசுரமாகிவிடும்; அப்படிப்பட்டதை நடத்தும் ஆசிரியரும் சலிப்பார், மாணவரும் சலிப்பார். நல்லது மட்டும் வெளியில் தெரிய வேண்டும் என்று விரும்பும் நிறுவனர் இதற்குச் சம்மதிக்காமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

மனச்செலவு ஒன்றும் உண்டு. கேஸ் நடக்கும் நாளில் நிறுவனர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது வழக்கம். முதல் ஒரு மணி நேரம் அவர் வாய் திறக்கக் கூடாது. இருபத்து மூன்று வயது மாணவி ஒருவர் எழுந்து, அந்த ஆலையை அப்போதே மூடியிருக்க வேண்டும், உணர்ச்சிவசப்பட்டு இழுத்துக்கொண்டே போயிருக்கிறார் என்று சொல்லும்போது, அந்த ஆலையில் பதினைந்து வருடத்தைக் கழித்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு எழுந்து அவர் பேசும் இருபது நிமிடத்துக்கு வகுப்பு முழுவதும் காட்டும் கவனத்தை வேறெந்த வடிவத்திலும் நான் பார்த்ததில்லை. தாங்களே கணக்குப் போட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பதால், அவர் ஏன் வேறு முடிவுக்கு வந்தார் என்பதை அறியும் ஆவல் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது.

## லைவ் ப்ராஜெக்ட்

இங்கே கதை இன்னும் முடியவில்லை. நாலைந்து மாணவர்கள் கொண்ட குழு, நிறுவனம் இன்று சந்திக்கும் ஒரு கேள்வியைச் சில வாரங்கள் ஆராய்ந்து பரிந்துரை தருகிறது. விடை நிறுவனருக்கும் தெரியாது என்பதுதான் இதன் பலம்.

அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் வசூல் பிரச்சினையை வைத்து யோசிப்போம். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. அப்படியிருந்தும் வாங்குகிற பெரிய நிறுவனம் நாள் கடத்தினால், வட்டி கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்வதா, டிரெட்ஸ் என்ற மின்தளத்தில் பில்லை நிதி நிறுவனத்துக்குக் கொடுத்து, அது சிறிது தொகையைக் கழித்துக்கொண்டு தரும் பணத்தை முன்கூட்டியே எடுப்பதா, விலையில் சிறிது விட்டுக்கொடுத்து முன்பணம் கேட்பதா? இரண்டாம் ஆண்டு நிதிப் பாட மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. நிறுவனத்துக்கும் பயன்படக்கூடிய விடை வரலாம்.

ஆனால் நிறுவனத்துக்குள் இதற்கென்று பொறுப்பான ஒருவர் இல்லாவிட்டால் இதைத் தொடவே வேண்டாம். வாரம் சில மணி நேரம் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, தரவு எடுத்துக் கொடுக்க, தவறான பாதையில் போனால் திருப்பிவிட ஒரு ஊழியர் தேவை. கொடுக்கும் தரவிலும் எச்சரிக்கை வேண்டும். வாடிக்கையாளர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் கொண்ட கோப்பை அப்படியே மாணவர்களுக்கு அனுப்புவது, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்க நினைக்கும் வகையைச் சேர்ந்த செயல். அடையாளங்களை நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும். இன்று உங்கள் விலை நிர்ணயத்தைப் படிக்கும் மாணவர் அடுத்த வருடம் போட்டி நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாம் என்பதால் ரகசியக் காப்பு ஒப்பந்தமும் வேண்டும்.

மாணவர் பக்கத்து நியாயம் ஒன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கடை கடையாக ஏறி இறங்கும் சர்வே வேலைக்கு ஆள் வைத்தால் செலவாகும் என்பதற்காக ப்ராஜெக்ட் என்ற பெயரில் மாணவர்களை அனுப்புவது, அவர்கள் கல்லூரிக்குக் கட்டிய கட்டணத்தை வீணாக்குவது. முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர் இறுதி அறிக்கையை நேரில் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, பரிந்துரையில் எதை ஏற்றோம், எதை விட்டோம், ஏன் என்று அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இதைச் செய்யும் நிறுவனங்கள் குறைவு. செய்யும் நிறுவனத்துக்கு வேலைக்கு வர நல்ல மாணவர்கள் தாமாகவே விண்ணப்பிப்பார்கள்.

ஒரு நாள் ஆலைச் சுற்றுலா இதே வகையில் சேராது. உற்பத்தி எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க அது உதவும். முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பது அதில் தெரியாது.

## ஒரு பருவம் முழுக்க வகுப்பு

விருப்பப் பாடம் ஒன்றைத் தாமே நடத்துவது நான்காவது வழி. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவர், முனைவர் பட்டம் இல்லாமலே, நடைமுறைப் பேராசிரியராகச் சேரலாம். தொடக்கத்தில் ஒரு வருடம் வரை. பொதுவாக மூன்று வருடத்துக்கு மேல் போகாது. விதிவிலக்காக இன்னொரு வருடம் நீட்டலாம். வருகைப் பதிவு, மதிப்பெண், விடைத்தாள் என்ற சிறு வேலைகள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். தவிர, ஒருவருடைய கம்பெனிக் கதை மூன்று அல்லது நான்கு வகுப்புகளைத்தான் தாங்கும். மீதி வகுப்புகளுக்கு மற்றவர்களின் அனுபவத்தைப் படித்துத் தயாரிக்க வேண்டும். அன்றாட நிர்வாகத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | விருந்தினர் உரை | எழுதப்பட்ட கேஸ் | லைவ் ப்ராஜெக்ட் | முழுப் பாடம் |
|---|---|---|---|---|
| முடிவெடுக்கும் தருணம் மாணவருக்குக் கிடைக்கிறதா | நடுவில் நிறுத்தினால் ஓரளவு | முழுமையாக | முழுமையாக. விடை யாருக்கும் தெரியாது | நடத்தும் முறையைப் பொறுத்தது |
| நிறுவனரின் நேரம் | அரை நாள் முதல் ஒரு நாள் | சில அமர்வுகளும் வரைவு வாசிப்பும் | தொடக்கத்திலும் முடிவிலும் | வாரந்தோறும் |
| ஊழியர்களின் நேரம் | இல்லை | கணக்கு, சட்டப் பிரிவுகளுக்கு ஓரளவு | மிக அதிகம் | இல்லை |
| தகவல் கசிவு | கட்டுப்படுத்துவது கடினம் | ஒப்புதலுக்குப் பின்பே வெளியீடு | ஒப்பந்தமும் தரவுச் சுத்தமும் தேவை | மிதமானது |
| கதையில் வரும் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு | குறைவு | பெயர் மாற்றலாம், சம்மதம் பெறலாம் | பெரும்பாலும் எழாது | மிதமானது |
| கம்பெனிக்குக் கிடைப்பது | அறிமுகம் | தன் முடிவைப் பற்றிய தெளிவு | பரிந்துரை, ஆள் தேர்வு | மாணவர்களோடு நெருக்கம் |
| நிலைத்திருக்கும் காலம் | சில வாரம் | பல வருடம் | ஒரு பருவம் | ஒரு பருவம் |

## யாருக்கு எது

தரமணி ரிசர்ச் பார்க்கிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ இரண்டு மூன்று வருடமாக நடக்கும் ஸ்டார்ட்அப்புக்கு உரை பொருந்தும். ஆள் எடுக்க வேண்டும் என்ற தேவை இருந்தால் மிகவும் பொருந்தும். கேஸ் எழுதும் அளவுக்கு அதனிடம் கணக்கும் இல்லை, முடிவுகளின் விளைவும் இன்னும் தெரியவில்லை. இரண்டாம் தலைமுறை கையில் இருக்கும் குடும்ப நிறுவனங்களுக்கு நான் கேஸைச் சொல்வேன். அப்பாவின் காலத்து முடிவுகளைப் பிள்ளைகளே சரியாக அறியாத குடும்பங்கள் உண்டு. பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதும்போது அது குடும்பத்துக்கும் ஆவணமாகிறது. அப்பா இருக்கும்போதே அந்த அமர்வுகளை நடத்திவிடுவது நல்லது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கும் கேஸே பாதுகாப்பானது, சில வருடம் பழைய முடிவை எடுத்துக்கொண்டால். கேள்வி தெளிவாக இருந்து, ஆள் பலம் மட்டும் குறைவாக உள்ள நடுத்தர நிறுவனத்துக்கு லைவ் ப்ராஜெக்ட் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஆள் பலம் குறைவு என்பதே அதைத் தவிர்க்க வேண்டியதற்கான காரணமும் ஆகும்.

தொழிலை மூடிவிட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரிகள் அவர்களை அழைப்பதில்லை. மாணவர்களுக்கோ அவர்களுடைய கதை மிகவும் தேவை. கடன் எந்தக் கட்டத்தில் கட்டுக்கு மீறியது, பங்குதாரரிடம் எப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஊழியர்களின் கணக்கை எப்படித் தீர்த்தார்கள் என்பதையெல்லாம் வெற்றி பெற்றவர்கள் சொல்லித்தர முடியாது. ஆனால் அவர்களைக் கலையரங்க மேடையில் நிறுத்துவது சரியல்ல. பெயர் மாற்றிய கேஸ், அல்லது முப்பது பேருக்கு மிகாத வகுப்பில் பதிவுக் கருவி இல்லாத உரையாடல், இந்த இரண்டில் ஒன்றே அவர்களுக்கு ஏற்றது. அழைக்கும் பேராசிரியர் முதலில் தனியாகச் சந்தித்து, எந்தக் கேள்விகளை மாணவர்கள் கேட்கலாம், எவற்றைக் கேட்கக் கூடாது என்று பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

## ஒப்புக்கொள்வதற்கு முன்

எந்த வடிவமானாலும் கல்லூரியிடம் சில விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டும். எந்தப் பாடத்தின் பகுதியாக இது நடக்கிறது, மாணவர்கள் முன்கூட்டியே என்ன படித்துவிட்டு வருவார்கள், பாடம் நடத்தும் ஆசிரியர் உடனிருப்பாரா, பதிவு யாரிடம் இருக்கும் என்பவை அவை. எந்தப் பாடத்தோடும் சேராமல், வெள்ளிக்கிழமை மாலையில் வருகைப் பதிவுக்காகக் கூட்டப்பட்ட அரங்கம் என்றால் தாராளமாக மறுத்துவிடலாம்.

எந்த வடிவத்துக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாத காலங்களும் உண்டு. முதலீடு திரட்டும் பேச்சு நடக்கும்போது, பங்குதாரரோடு வழக்கு இருக்கும்போது, பங்கு வெளியீட்டுக்கான விண்ணப்பம் செபியிடம் நிலுவையில் இருக்கும்போது, அடுத்த பருவத்தில் வருகிறேன் என்று பதில் எழுதுவதே முறை. அந்த இடைவெளியில் செய்து வைக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பெரிய முடிவு ஒன்றை எடுத்த நாளில் கையில் இருந்த தாள்களை, அதாவது அன்றைய விலைப்பட்டியல், வங்கியின் கடிதம், வாங்குபவரின் மின்னஞ்சல், கைச்செலவுக் கணக்கு ஆகியவற்றை, ஒரு கோப்பில் சேர்த்து, நீங்கள் ஏற்காமல் விட்ட மாற்று வழி எது, அதை விட்டதற்கு அன்று என்ன காரணம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். விளைவு தெரிந்த பிறகு அந்த மாற்று வழியை யாரும் சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை. அடுத்த பருவத்தில் வரும் பேராசிரியர் முதலில் கேட்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.